கூடுதலாக நாற்பது வினாடி

எங்கள் வீட்டில் எதையும் பின்பக்கமாகச் சுற்றக் கூடாது. மின்விசிறியைத் துடைத்தால், அது ஓடுகிற திசையிலேயே பிளேடைத் தள்ளித் தள்ளித் துடைக்க வேண்டும். தையல் மிஷின் சக்கரம் கை தவறிப் பின்னால் உருண்டால் அம்மாவுக்குத் திட்டு. கையே ஓங்காத அப்பா, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைப் பின்னால் மிதித்து விளையாடியதற்காக என் முதுகில் ஒன்று வைத்திருக்கிறார். இருபத்தாறு வருஷம் விமான இன்ஜினோடு கிடந்த ஃபிட்டர், அதனால் வந்த கிறுக்கு என்று நானும் அம்மாவும் சிரித்துக்கொள்வோம். நான் சிரித்தேன். அம்மா சிரித்தாளா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்த விமானம் ஓடுபாதையின் கோடியில், வேலியை ஒட்டி ஒன்பது வருஷமாக நின்றது. நான்கு இன்ஜின், நான்கு புரொப்பல்லர். பன்னிரண்டு வருஷம் ஆட்களை ஏற்றிப் பறந்தது. ஜெட் வந்ததும் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏழு வருஷம் சரக்கு ஏற்றினார்கள். அதுவும் ஓய்ந்த பிறகு டயரில் காற்று இறங்கி, இறக்கைக்கு அடியில் ஆடு படுக்கிற நிழலாகிப்போனது. திடீரென்று மேலிடத்தில் யாருக்கோ ஞானம் வந்து, அதைக் கழுவிப் பெயின்ட் அடித்து மக்கள் பார்வைக்கு வைப்பது என்று முடிவானது. பக்கத்தில் எழுதி வைக்க ஐந்து பலகை. எழுத ஓர் ஆள் வேண்டும். சரித்திரம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் அந்த ஆளானேன்.

எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சம் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் ‘விமானப் பொறியாளர்’ என்று எழுதினேன். ஃபிட்டர் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று வருஷமும் அதையே எழுதினேன். கடைசி வருஷத்தில் எழுதும்போது பொய் என்கிற ஞாபகமே இல்லை.

நிஜமான விமானப் பொறியாளர் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் கடிகார மாமா. காரணம், அந்த விமானத்தின் முன்னறைக்குள் போனால் தெரியும். பைலட்டுகள் இருவரும் முன்னால் உட்கார்ந்து வெளியே பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், வலது பக்கச் சுவரைப் பார்த்தபடி மூன்றாவது ஆசனம். அது பொறியாளருடையது. அவருக்கு ஜன்னல் கிடையாது. எதிரே சுவர் முழுக்கக் கடிகாரம் கடிகாரமாக முள். நான் எண்ணினேன், ஐம்பத்தெட்டு. எண்ணெய் சூடு, எண்ணெய் அழுத்தம், சிலிண்டர் சூடு என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையாக நாலு, இன்ஜினுக்கு ஒன்று. எல்லாம் ஒழுங்காக ஓடினால் நாலு முள்ளும் ஒரே சாய்வில் நிற்கும். ஒரு முள் பிசகினால் கண்ணில் குத்தும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த ஆசனத்தின் தோல் இடது பக்கக் கைப்பிடியில் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

கடிகார மாமாவின் லைசென்ஸ் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பறிபோனது. இப்போது லாரி எடைமேடையில் வேலை. அங்கேயும் ஒரு முள்ளைத்தான் பார்க்கிறார்.

என்ன நடந்தது என்று விசாரணை அறிக்கையில் இருந்தது. சரக்கு ஏற்றிக் கிளம்பிய இருபதாவது நிமிஷம் மூன்றாம் இன்ஜினில் சிலிண்டர் வெடித்துத் தீப்பிடித்தது. பெட்ரோலை அடைத்து, புரொப்பல்லரை நிறுத்தி, தீயை அணைத்து, மற்ற மூன்றின் பலத்தில் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் கிளம்பும்போது இன்ஜினுக்குக் கொடுக்கும் முழு வேகத்தை இரண்டு நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. பொறியாளர் நாற்பது வினாடி கூடுதலாக வைத்திருந்தார். இன்ஜின் போனதற்கு அதுவே காரணம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நான் அதை அப்படியே மூன்றாம் பலகையில் எழுதினேன்: ‘பொறியாளரின் கவனக்குறைவால்.’ அச்சடித்த தாளில் இருந்தது, நாலு முத்திரை இருந்தது. வேறென்ன வேண்டும்?

ஐந்தாம் பலகைக்காகச் சண்டை போட்டேன். தரையில் நின்று வேலை பார்த்தவர்களைப் பற்றிய பலகை அது. அப்பாவின் படம் நடுவில், ஏணி மேல் நின்று இன்ஜினுக்குள் தலையை விட்டபடி.

“ஏம்மா, ஃபிட்டர் போட்டோவ யாரு பாப்பாங்க?” என்றார் விமான நிலைய அலுவலகச் சூப்பிரண்டு.

“பைலட் போட்டோவ ஊரே பாத்தாச்சு சார். இதையும் ஒரு தடவ பாக்கட்டும். அவங்க பறந்தது இவங்க கையெழுத்தை நம்பித்தானே?”

“உங்கப்பாங்கிறதால சொல்றியா?”

“ஆமா சார். எங்கப்பாங்கிறதாலயும்தான்.”

அவர் சிரித்துவிட்டார். திறப்பு விழாவில் திரையை விலக்குவதே அப்பாதான் என்று முடிவு செய்தார். அம்மா அன்றைக்கே அப்பாவின் பழைய ஓவரால் உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற வைத்தாள். அப்பா மட்டும், “எனக்கு எதுக்கு அதெல்லாம்?” என்று மூன்று தரம் சொன்னார். தன்னடக்கம் என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. நல்ல வெயில். மூன்றாம் புரொப்பல்லரின் ஒரு பிளேடு மேல் நோக்கி நேராக நின்றால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெயின்டர்கள் இரண்டு பேர் தள்ளினார்கள். ஆளுயரத்துக்கு மேல் இருக்கிற பிளேடு, முனகிக்கொண்டே கொஞ்சம் வந்து நின்றுவிட்டது.

“டீச்சரம்மா, இது வரமாட்டேங்குது. வீட்டுக்காரி மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது,” என்றான் ஒருவன். நான் டீச்சர் இல்லை. பேனா வைத்திருந்தால் அவர்களுக்கு டீச்சர்.

“கொஞ்சம் பின்னால தள்ளிட்டு அப்புறம் முன்னால இழுத்தா வந்துரும்டா,” என்றான் மற்றவன்.

வேலிப் பக்கத்தில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்த அப்பா, “பின்னால தள்ளாத!” என்று கத்தினார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. தூக்கைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அறுபது வயதில்.

“ஏன் பெரியவரே, செத்த இன்ஜின்தானே?”

“செத்ததோ இருக்கிறதோ. இந்த மாதிரி வட்ட இன்ஜின் நாலு நாள் சும்மா நின்னா எண்ணெய் வடிஞ்சு அடியில இருக்கிற சிலிண்டர்ல தங்கிரும். அதான் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால சுத்திப் பாக்குறது. முட்டுச்சுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். பிளக்கைக் கழட்டி வடிச்சுவிடணும். ஒன்றரை மணி நேர வேலை. சோம்பேறித்தனப்பட்டுப் பின்னால தள்ளுனா வழி விட்டுரும். விட்டமாதிரிதான் இருக்கும். எண்ணெய் எங்க போகும்? காத்து வர்ற குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் திரும்ப உள்ள இழுக்கும். எண்ணெயை நசுக்க முடியாது. பிஸ்டன் தண்டு வளையும். வளைஞ்சது உடனே உடையாது. இருபது நிமிஷம் ஓடும். ஏறுற நேரத்துல...”

அங்கே நிறுத்திக்கொண்டார். பெயின்டர்கள் பீடிக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன்.

இருபது நிமிஷம்.

அலுவலகத்துக்குப் போய் மூன்றாம் இன்ஜினின் பதிவேட்டை எடுத்தேன். அந்த நாளைத் தேடினேன். அதற்கு முன்னால் ஐந்து நாள் விமானம் மழையில் நின்றிருந்தது. ஆறாம் நாள் காலையில்: ‘புரொப்பல்லர் கையால் சுற்றிப் பார்க்கப்பட்டது. தடையின்றிச் சுழல்கிறது.’ கீழே கையெழுத்து. என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் இருக்கிற அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடு போட்டது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சைக்கிள் பெடலுக்காக அடி வாங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு மின்விசிறி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றியது.

வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். வெளுத்த ஓவரால் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தன பிளேடு பின்னால தள்ளுனீங்க?” என்றேன்.

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே உதறினார். அம்மாதான் பேசினாள்.

“சாப்பிடுற மனுஷன்கிட்ட என்னடி கேள்வி?”

“உனக்கும் தெரியுமா?”

“தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? போய் மாட்டிக்கங்கன்னு அனுப்பச் சொல்றியா? வேலை போயிருந்தா குவார்ட்டர்ஸ் போயிருக்கும். எட்டாவதோட உன்ன நிறுத்திட்டு எங்கயாவது வேலைக்கு விட்டிருப்போம். இப்படி நின்னு கேள்வி கேக்க உனக்கு வாய் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?”

“எனக்காகன்னு சொல்லாத. என் தலையில கட்டாத.”

“உன் தலையில கட்டாம வேற யார் தலையில கட்டுறது? வேற யாரு இருக்கா எங்களுக்கு?”

அப்பா மெதுவாகச் சொன்னார். “அவள விடு. அவ கேக்குறது சரி. மழை நின்ன காலையில, ஏழு மணிக்குக் கிளம்பணும்னு ஃபோர்மேன் கழுத்தப் பிடிச்சான். ஒரு எடத்துல முட்டிச்சு. பிளக்கக் கழட்டணும்னு எனக்குத் தெரியும். தெரியாம செய்யல. கூட இருந்தவன் போன வருஷம் செத்துப்போனான். நாங்க ரெண்டு பேரும் பின்னால தள்ளுனோம். சுத்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்த இன்ஜினைப் பிரிச்சதும் நான்தான். ஒடஞ்ச தண்டு கையில வந்துச்சு. ஒடஞ்ச எடத்துல மட்டுமில்ல, நடுவுலயே வளைஞ்சிருந்துச்சு. பாத்தவுடனே தெரிஞ்சுது. தொடச்சு...” தட்டை ஓரமாகத் தள்ளினார். “பழைய இரும்புக் குவியல்ல போட்டுட்டேன்.”

நான் அவரை அடிக்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஐந்தாம் பலகையில் நானே எழுதியிருந்த வரி கண் முன்னால் நின்றது: ‘இவர்கள் கையெழுத்தை நம்பி விமானங்கள் பறந்தன.’

மறுநாள் காலை கடிகார மாமா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டு வாசலை மிதித்தது அப்போதுதான்.

அவர் லுங்கியோடு, திண்டில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். “பாரேன், ஃபிட்டர் பொண்ணு. எவ்ளோ ஒசந்துட்ட. நீதான் எழுதுறியாமே பலகையெல்லாம்?” உள்ளே பார்த்து, “இந்தா, யாரு வந்திருக்கான்னு பாரு,” என்றார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு டீ போடப் போனாள்.

“மாமா, அந்த மூணாம் இன்ஜின் விஷயம்...”

“எழுதிட்டியா?” சட்டைப் பொத்தானைத் தடவினார். “எழுதித்தான் ஆகணும். நடந்தது நடந்தது. ஆனா ஒண்ணு மட்டும் கேக்குறேன். கவனக்குறைவுன்னு போடாத. கவனம் இல்லாம இல்ல. அன்னிக்கு எதுத்தாப்பல கருமேகம், பாரம் ஜாஸ்தி. கேப்டன் கொறைன்னு சொல்லல, நானும் கொறைக்கல. கை லீவர்லயே இருந்துச்சு. நாப்பது செகண்டு. நான்தான் எண்ணிக்கிட்டிருந்தேன், அதனாலதான் நாப்பதுன்னு விசாரணையில நானே சொன்னேன். பொய் சொல்லியிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அறிக்கையில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

“நாப்பது செகண்டுக்கா மாமா இன்ஜின் போகும்?”

“போகாதுன்னுதான் நானும் நெனச்சேன். போயிருச்சே. அந்த இன்ஜின் எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியல, அவ்வளவுதான். இப்பவும் லாரி வந்து மேடையில நின்னா, முள்ளு நிக்கிறதுக்குள்ள எனக்குள்ள எண்ண ஆரம்பிச்சுரும்.” சிரித்தார். “உங்கப்பா எப்படி இருக்காரு? நல்ல மனுஷன். என்னைத் தெருவுல பாத்தா அந்தப் பக்கம் போயிருவாரு. எனக்குச் சங்கடமா இருக்கும்னு அவரே ஒதுங்கிப் போறாரு. அந்த மரியாதை எத்தன பேருக்கு வரும்?”

டீ வந்தது. குடித்தேன். சூடு தெரியவில்லை.

“விழாவுக்கு வாங்க மாமா.”

“வரணும்னுதான். அந்த சீட்ல ஒரு தடவ உக்காரணும்னு ஆசை. ஆனா கீழ பலகையில நாலு பேரு படிச்சிட்டு மேல வந்து, அந்த ஆளு இவன்தான்னு பாப்பானுங்க. வேணாம். நாலு மாசம் போகட்டும், கூட்டமில்லாதப்ப வந்து பாக்குறேன்.”

சொல்லாமல் திரும்பி வந்தேன். சூப்பிரண்டையும் கல்லூரி முதல்வரையும் பஸ் கண்டக்டரையும் நேருக்கு நேர் கேட்டவள், டீயைக் குடித்துவிட்டு, “வர்றேன் அத்த,” என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரு முனையில், என்ன ஒரு வசதியான அப்பா எனக்கு என்று தோன்றியது. அவர் இழைத்த தப்பில் படித்தேன். அவர் யாரை வீழ்த்தினாரோ அந்த ஆளின் தொழிலையே அப்பாவின் தொழிலாக எழுதினேன். கடைசியில் அந்த ஆளையே பலகையில் ஏற்றி ஆணியடித்தேன். அப்பா செய்தது ஒரே ஒரு நாள் காலையில். நான் அழகான தமிழில், பெயின்டரைக் கொண்டு, இனி வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கும்படி செய்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் அலுவலகம் போய், தட்டச்சு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாம் பலகைக்குப் புதிதாக ஏழு வரி. எந்த இடத்திலும் ‘என்று கூறப்படுகிறது’ போடவில்லை. தாளைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

“இதத்தான் சூப்பிரண்டுகிட்ட கொடுக்கப் போறேன். சரியா இருக்கான்னு பாருங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகர்த்திப் படித்தார். என் பேனாவை வாங்கி ஒரே ஓர் இடத்தில் அடித்தார்.

“ரெண்டு பிளேடுன்னு குத்துமதிப்பா போட்டிருக்க. மூணு.”

கீழே கையெழுத்துப் போட்டார். அதே கையெழுத்து, வாலும் கோடுமாக.

“பென்ஷனை நிறுத்துவாங்க,” என்றாள் அம்மா. அவள் குரலில் சண்டை இல்லை.

“நிறுத்தட்டும். சூப்பிரண்டுகிட்ட அப்புறம் போகலாம்.” கொடியில் தேய்த்து மாட்டியிருந்த ஓவராலைப் பார்த்துவிட்டு, சாதாரணச் சட்டையை எடுத்தார். “மொதல்ல அவர் வீட்டுக்குப் போகணும்.”

மூன்று தெரு. அப்பா முன்னால் நடந்தார். இரண்டாவது தெருவில் எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி இடைவெளி விழுந்திருப்பதைக் கவனித்தேன். அவர் வேகமாக நடக்கவில்லை. நான்தான் பின்தங்கியிருந்தேன், கூட வராதவள்போல. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடிகார மாமா எடைமேடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. “வாங்க, வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நேத்து பொண்ணு வந்தப்பவே நெனச்சேன், அடுத்து நீங்க வருவீங்கன்னு.” நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் தட்டினார். அப்பா உட்காரவில்லை. தாளை நீட்டினார்.

“என்ன இது, அழைப்பிதழா? கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலையே.” தாளை என் பக்கம் திருப்பினார். “படிச்ச பொண்ணுதானே. நீயே படி.”

மேடையில் பேசி மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்த ஏழு வரிக்கு என் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரலாகிவிட்டது. ‘புரொப்பல்லரை மூன்று பிளேடு பின்பக்கமாகத் தள்ளி’ என்கிற இடத்தில் அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ‘இதை மறைத்தவர், இதில் கையொப்பமிட்டுள்ள ஃபிட்டர்’ என்று முடித்தேன். ஃபிட்டர் என்ற சொல்லைச் சத்தமாகவே படித்தேன்.

கடிகார மாமாவின் துண்டு நாற்காலிக் கையிலேயே கிடந்தது. அவர் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு முள்ளைப் பார்க்கிற மாதிரி, அது எங்கே போய் நிற்கும் என்று.

கடைசியில் கேட்டார். “அப்ப அந்த நாப்பது செகண்டு?”

“அதுல ஒண்ணுமே இல்ல,” என்றார் அப்பா. “அந்த இன்ஜின் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கும்.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல.”

அவர் உட்கார்ந்தார். அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை. அத்தையின் வாய் திறந்தது, மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கை இடது பக்கம் கீழே இறங்கி, நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“இன்னொரு தடவ படி,” என்றார் என்னிடம். “மெதுவா.”

படித்தேன்.